பசிருவை விட்டு வேறு ஆளிடம் போனேன்

யோஃப், டாக்கர்
ஞாயிறு மாலை

அன்புள்ள அலசானுக்கு,

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பெரியவளுக்கு முன்பல் விழுந்து, சிரித்தால் கிழவி மாதிரி இருக்கிறாள். சின்னவன் தவழ்ந்து வாசல்வரை வந்துவிடுகிறான். உங்கள் தம்பி பசிரு மட்டும் வீட்டில் இல்லை. நீங்கள் ஃபோனில் கேட்டபோது கடற்கரைக்குப் போயிருக்கிறான் என்றேன். அது பொய்.

குரல் பதிவில் சொல்லப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி அழித்துவிட்டேன். நீங்கள் இருக்கும் மிலானுக்கு நாளை திரும்பும், பக்கத்து வீட்டு செய்னபுவின் கணவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

சின்னவன் பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அதன்பின் இடுப்பு விட்டுப்போனது உங்களுக்குத் தெரியும். உடற்பயிற்சி செய்யத்தான் வேண்டும், ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித்தர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். உங்களிடம் கேட்டேன். "வீட்டுக்குள்ளயே ஒரு பயில்வான வெச்சுக்கிட்டு வெளிய ஆள் தேடுறியா?" என்று சிரித்தீர்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தோள் விட்டுப்போய் மல்யுத்தத்தை நிறுத்தியபின், பசிரு கழுத்தில் விசிலோடு மணலில் நின்று ஊருக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான். பாதிப் பேர் அவன் சிரிப்புக்காகவே வந்தார்கள். வீட்டு ஆள் இருக்க நான் வேறு யாரிடம் போவேன்?

அவனுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக யார் வந்தாலும் எங்கே வலி, என்ன ஆபரேஷன் என்று கேட்டுவிட்டுத்தான் ஓடவிடுவான். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. அண்ணன் பெண்டாட்டியிடம் வயிற்றைப் பற்றி எப்படிக் கேட்பான்? மணலைப் பார்த்துக்கொண்டே, "அண்ணிக்கு எல்லாம் சரியாயிடுச்சுல்ல?" என்றான். நானும் மணலைப் பார்த்துக்கொண்டே, "ம், ஆயிடுச்சு" என்றேன்.

ஒருநாள் எல்லோரும் லாரி டயரைக் கயிறு கட்டி இழுத்தோம். என் முறை வந்ததும் அவனுக்கு ஒரே பெருமை. "எங்க அண்ணி இழுக்குறதப் பாருங்கடா!" என்று கத்தினான். பெண்கள் கைதட்டினார்கள். தொப்புளுக்குக் கீழே ஏதோ விட்டுக்கொடுத்தது போல இருந்தது. நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே கடைசிவரை இழுத்தேன்.

பிறகு யாருக்கும் தெரியாமல் ரொகாயா என்பவரிடம் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறையில் பெண்களுக்கு மட்டும் பயிற்சி கொடுக்கிறார். முதல் நாள் பயிற்சியே இல்லை. படுக்கவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஒரு பெண் கேட்டபோது எனக்குச் சொல்ல வாய் வந்தது. தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மொதல்ல டாக்டர்கிட்ட போ, அப்புறம் எங்கிட்ட வா" என்றார். தழும்பின் வழியாகக் குடல் லேசாகத் துருத்துகிறது என்றார் டாக்டர். பயப்படாதீர்கள், பாரம் தூக்காமல் மெல்ல மெல்லப் பயிற்சி செய்தால் கத்தி வைக்காமலே சமாளிக்கலாமாம். இப்போது வலி இல்லை.

அன்றைக்கே பசிருவிடம் சொல்லியிருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி, வர முடியவில்லை என்று சொல்லிவைத்தேன். ஒரு மாலை ரொகாயா எங்களைக் கடற்கரையில் நடக்க அழைத்துப்போனார். பசிரு தன் ஆட்களோடு எதிரே நின்றான். என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கையை உயர்த்தி ஸலாம் சொல்லிவிட்டு விசில் ஊதினான். அவ்வளவுதான்.

ஆனால் அவன் வகுப்புக்கு வரும் மைமுனாவும் பார்த்துவிட்டாள். மறுநாள் மீன் வாங்கும் இடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "சொந்த அண்ணியே அவன்கிட்ட நிக்கல. நம்ம இடுப்பு ஒடிஞ்சா யாரு கேப்பா?" என்றாள். தப்பு அவன்மேல் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்ல, மீன்காரி முன்னால் என் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டும். மீனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மீன் அன்று எனக்கு இறங்கவே இல்லை.

அவன் வகுப்பு தேய்ந்துபோனது. எங்களோடு ஒரே தட்டில் கைவைப்பதை நிறுத்தினான், பசியில்லை என்பான். ஒரு காலையில் விசிலை நம் பெரியவள் கழுத்தில் மாட்டி, "இனிமே நீதான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனவன் திரும்பவில்லை. கயார் கடற்கரையில், திருட்டுத்தனமாக ஸ்பெயினுக்குப் போகும் படகு ஒன்றுக்குக் காத்திருக்கிறான் என்று அவன் கூட்டாளி சொன்னான்.

அத்தையிடம் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கயாருக்குப் போனேன். டீசல் கேன்களைத் தூக்கிக்கொண்டிருந்தான். "அண்ணி, இந்த வெயில்ல கொழந்தையோட ஏன் வந்தீங்க?" என்று ஓடிவந்தான். அந்தப் படகுக்காரர்கள் முன்னாலேயே ஆபரேஷன், டயர், டாக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்கள நானே கொன்னுருப்பேனே அண்ணி."

"நீ கேக்கல, நான் சொல்லல. ரெண்டு பேருக்கும் கூச்சம். ஆனா ஊர் உன்னப் பேசினப்ப வாயை மூடிக்கிட்டு நின்னவ நான்தான்."

"இப்ப வலிக்குதா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். முதல் முறையாக.

வீட்டுக்கு வா என்றேன். கோபம் எதுவும் இல்லை என்று தலையாட்டினான். "ஆனா இங்க வந்து என்ன பண்ண? அண்ணன் அங்க ராஜா மாதிரி இருக்கான். அவனே வராதன்னு சொன்னா பாக்கலாம்" என்று ஃபோனை நீட்டினான். நீங்கள் சிவப்புக் காரில் சாய்ந்து நிற்கும் படம்.

அந்தக் கார் உங்களுடையது இல்லை என்று எனக்கு வெகுநாளாகத் தெரியும். உங்களோடு இருக்கும் ஒருவர் அதே காரில் சாய்ந்து எடுத்த படம் எங்கள் தெருவுக்கு வந்தது. நீங்கள் தினக்கூலிக்கு நிற்கிறீர்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. நான் உங்களைக் கேட்கவில்லை. கயாரிலும் சொல்லவில்லை. உங்கள் மானம், அதை நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று நின்றேன். படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் என் வாய் திறக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன்.

நேற்று மீன் வாங்கும் இடத்தில் மைமுனாவை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னேன். என் வயிற்றையும் சேர்த்துத்தான். மீன்காரிதான், "அப்ப தம்பி எப்ப வகுப்பு எடுக்கும்?" என்று கேட்டாள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மீதி உங்கள் கையில் இருக்கிறது.

காற்று அடங்கும்வரை படகு கிளம்பாது என்கிறார்கள். இதைப் படித்ததும் அவனை ஃபோனில் கூப்பிடுங்கள். அதட்ட வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். எங்கே படுக்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், விடியும் முன் எந்தத் தெருமுனையில் வேலைக்காக நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். நான் ஒருபோதும் கேட்க மாட்டேன். அவனுக்குச் சொல்லுங்கள், உங்கள் தம்பிக்கு.

இறைவன் அந்த ஊர்க் குளிரிலிருந்து உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
யாசின்