ஆணி அடிக்காத பெட்டி

அன்பு மகன் நாதிருக்கு அம்மாவின் ஸலாமும் முத்தங்களும். இங்கே தம்யாத்தில் உன் அப்பாவும் நானும் இறைவன் கருணையில் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ ஹாம்பர்க் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று தெரிந்தால் என் நலம் முழுசாகும். போனில் நீ எப்போதும் பஸ் ஏறப் போகிறவன் மாதிரியே பேசுகிறாய், நான் ஒன்று கேட்க வாயெடுப்பதற்குள் சரிம்மா வைக்கிறேன் என்கிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் சித்தப்பா மகன் மம்தூஹ் வெள்ளிக்கிழமை அங்கே புறப்படுகிறான், பெட்டி அவனோடு வருகிறது. இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள்ளேயே, என் பழைய கம்பளிச் சால்வைக்கு அடியில் வைத்திருக்கிறேன். சால்வையை வெறும் பொதிக்கிற துணி என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடாதே.

பெட்டி கதையை நீ முழுசாகக் கேட்கவேண்டும். பெருநாளுக்கு வந்தபோது ஒரு தகரத் தட்டும் அதன்மேல் நாலைந்து கண்ணாடி வால்வும் கம்பியுமாக ஏதோ ஒன்றை மேசையில் வைத்து, இது கித்தாருக்கு ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் தனி, இதற்குத் தலை என்று பெயர், பழைய பெட்டி உடைந்துவிட்டது, அப்பா ஒரு மரப்பெட்டி செய்து தரட்டும் என்றாய். நீ எப்போதிலிருந்து கித்தார் என்று நான் கேட்டதற்குக் கற்றுக்கொள்கிறேன் என்றாய். கல்யாண ஊர்வலத்தில்கூடத் தாளம் தப்பாமல் கைதட்டத் தெரியாத பிள்ளை நீ, ஆனாலும் நான் நம்பினேன், அங்கே குளிரில் மனிதனுக்குப் பொழுது போகவேண்டாமா. நீ போன மறுநாளே உன் அப்பா நல்ல பீச் மரம் எடுத்து வேலை தொடங்கிவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு மரத்தைக் கண்டால் பூப் போடாமல் இருக்கமுடியாது. முன்பக்கம் முழுவதும் கொடியும் ரோஜாவும், நாலு மூலைக்கும் சிங்கப் பாதம், அரக்குப் பாலிஷ் முகம் தெரிகிற மாதிரி. பின்பக்கத்தை இறுக்க மூடிவிட்டார். மூடாதீங்க, காத்து போகணும் என்று ரேடியோ ரிப்பேர் பய்யூமி தலைபாடாய் அடித்துக்கொண்டான். "முதுகு தெரியுற சாமானை ரிஃபத் செஞ்சான்னு நாளைக்குத் தெருவுல எவனும் சொல்லக்கூடாது"ன்னு இவர் ஒரே பிடிவாதம். பய்யூமி தன் கடை ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டி ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் உள்ளே வால்வு சூடாகி, மேலே பாலிஷ் இளகி, அப்பா பெருமையாகத் தட்டிக்கொடுக்க வைத்த உள்ளங்கை அப்படியே ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தபோது ரேகை மொத்தமும் பெட்டியில் இருந்தது. பய்யூமி சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே. அன்று சாப்பாட்டுக்கு வாத்து சமைத்திருந்தேன், வெங்காயம் நிறைய வைத்து, உனக்குப் பிடித்த மாதிரி. உன் அப்பா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் உனக்குப் போன் போட்டார். பூ வேண்டாம், பாதம் வேண்டாம், லேசாக இருக்கட்டும், ஒரு கையால் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறவேண்டும், கைப்பிடி மட்டும் சிறியதாக, ஒல்லியாக இருக்கட்டும் என்று நீ சொன்னாய். கைப்பிடியை இரண்டாம் தடவையும் சொன்னாய். "ஏன்டா, ஜெர்மன்காரன் சோறு போடலையா, கை சூம்பிப் போச்சா?" என்று இவர் கேட்டதற்கு நீ சிரிக்கவில்லையாம், பஸ் வந்துவிட்டது என்றாயாம். போனை வைத்துவிட்டு வெகுநேரம் உளிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் லேசான பைன் பலகை வாங்கி வந்தார். பல்லுக்குப் பல் கோத்து, பசை வைத்து, பின்பக்கம் காற்றுப் போகப் பித்தளை வலை வைத்து, ஒரு பூகூட இல்லாமல் செய்தார், அதைச் செய்ய அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத்தான் தெரியும். பாலிஷுக்குப் பதில் நான் கரும்பச்சை ரெக்ஸின் ஒட்டினேன். சோபா தைக்கிறவர் வீட்டில் பிறந்தவளுக்கு மூலை மடிக்கச் சொல்லித் தரவேண்டுமா, ஒரு சுருக்கம் கண்டுபிடி பார்க்கலாம்.

கைப்பிடி போடுகிற அன்று பட்டறையிலிருந்து "நாதிர் அம்மா, இங்க வா, கையைக் கொடு" என்று கூப்பிட்டார். மாவுக் கையோடு போனேன். என் கையைத் துடைத்துவிட்டு, விரலை மடக்கி, நீட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், கல்யாணமான புதிதில்கூட என் கையை இவ்வளவு நேரம் பிடித்ததில்லை இந்த மனிதர், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சீவினார், பிடிக்கச் சொன்னார், மறுபடி சீவினார். பிறகு பெட்டியில் மாட்டி, தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். நான் நடக்கிறேன், பின்னாலேயே வந்து "கையை வீசி நட, வீசி நட" என்கிறார். எதிர்வீட்டு கரீமா மாடியிலிருந்து, "என்ன இன்ஷிராஹ், ஒருவழியா பொட்டியைத் தூக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குக் கிளம்பிட்டியா? பின்னாலேயே வந்து கெஞ்சுறாரே மனுஷன், கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதா?" என்று கத்தினாள், தெருவே சிரித்தது. வலிக்குதா, விரல் நசுங்குதா என்றுதான் இவருக்குக் கவலை.

வீட்டுக்கு வந்து டீ கொடுக்கும்போது கேட்டேன், பிள்ளைக்குச் செய்கிற பெட்டிக்கு என் கை எதற்கு என்று. "அவன் கை எனக்குத் தெரியாதா? அவன் உளிக்கெல்லாம் பிடி போட்டவன் நான். இந்தப் பிடியில அவனுக்கு மூணு விரல்தான் நுழையும்"ன்னார். எனக்கு அப்போதும் புரியவில்லை. "இது ஒரு பொண்ணு தூக்குற பெட்டி, நாதிர் அம்மா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.

மகனே, முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அழுகை. உனக்குப் பேசி முடித்திருந்த அந்தக் கல்யாணம் நின்றுபோனதும், நீ ஊரில் இல்லாதபோது உனக்காக உன் அப்பா ஆசை ஆசையாய்ச் செதுக்கிய கட்டிலும் அலமாரியும் வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனதும் எல்லாம் நினைவுக்கு வந்தது. வண்டி தெரு திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, "இனிமே அவன் கல்யாணத்துக்கு நான் ஒரு ஆணி அடிச்சேன்னா என் பேரு ரிஃபத் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாரே, அதை யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் நீ மறைக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. அந்தச் சத்தியம் என்ன ஆச்சு என்று அவரிடமே கேட்டேன். "பெட்டியைப் பாரு, எங்கயாவது ஆணி இருக்கா?" என்றார். கைப்பிடியில் ஸ்குரூ இருக்கிறதே என்றேன். "அது திருப்புறது, அடிக்கிறது இல்ல" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். உனக்கு நேராக அவர் ஒருநாளும் கேட்கமாட்டார், கேட்டால் ஓடிவிடுவான் என்கிறார். தானே சொல்லுவான் என்று போன் அடிக்கும்போதெல்லாம் என்னை முந்திக்கொண்டு எழுந்திருக்கிறார். அவரை அப்படி எழுப்பி எழுப்பி உட்கார வைக்காதே நாதிர், எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் எந்த ஊர், என்ன மதம், முன்னால் கல்யாணம் ஆனவளா, பிள்ளை இருக்கிறதா, இதெல்லாம் நான் கேட்பேன், பொய் சொல்லமாட்டேன், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் செய்வேன். ஆனால் என் பிள்ளை எங்களிடம் சொல்லப் பயந்தான் என்பதுதான் வலிக்கிறது, மற்றது எதுவும் அவ்வளவு வலிக்காது.

பய்யூமி சொல்லச் சொன்னது, ஸ்பீக்கர் மாட்டாமல் ஒருபோதும் ஓடவிடக்கூடாது, பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது. மம்தூஹிடம் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் முஷப்பக் மிட்டாயும் கொடுத்திருக்கிறேன், மிட்டாய் கொஞ்சம் அதிகமாகவே, இரண்டு பேருக்கு. நாலு மாடி ஏறும்போது நீயே தூக்கு, கைக்குச் சரியாக இருக்கிறதே என்று அவளைத் தூக்கவிடாதே. உன் தொழிலில் பரக்கத்தும் உடம்பில் பலமும் இறைவன் தரட்டும், தெரியாத ஊரில் உன் கால் தடுக்காமல் இருக்கட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் உன் பேரைச் சொல்லித்தான் கையேந்துகிறேன். இப்போது உன் பேருக்குப் பிறகு "அப்புறம் அவளையும்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன், அவள் யாரென்று இறைவனுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு பிள்ளைக்காகப் பேரில்லாமல் கேட்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அவள் பேரை மட்டும் சீக்கிரம் சொல்லு மகனே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா இன்ஷிராஹ்