எட்டாம் நாளுக்கு ஒரு சட்டி கலுலு

கருவாடும் சிவந்த பாம் எண்ணெயும் சேர்ந்து சூடேறும் மணம் மார்க்கம் நகரில் இருக்கும் என் மகளின் வீட்டை முழுதாகப் பிடித்துவிட்டது. நீ போய் இன்று எட்டாம் நாள். உன் ஊர் மீன் கறியான கலுலுவை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதை, மீனோ இறைச்சியோ, எட்டாம் நாள் சமைத்துப் படைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். உனக்குப் படைக்கப் போகிறேன் என்றதும் மகளுக்கு முகம் மாறியது.

"அவர் அங்கோலா ஆள், சேர்ச்சுக்குப் போற வேதக்காரர். எங்கடை சொந்தமே, அப்பா? சமைக்கிறதெண்டால் கராஜிலை வைச்சுச் சமையுங்கோ. கோட்டெல்லாம் மணக்கப்போகுது."

முடியாது என்றேன். நான் அகதியாக வந்த புதிதில், பார்க்டேல் வாடகை வீட்டில் நாம் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்த காலத்தில், மீன் நாறுகிறது என்று வீட்டுக்காரன் கத்திக்கொண்டு வந்தான். நீ ஒரு தட்டில் போட்டு அவனிடமே நீட்டினாய். அவன் வாங்கவில்லை. அவன் முன்னால் நின்றே முழுவதையும் சாப்பிட்டு முடித்தாய்.

அந்த அடுப்பில் நானும் ஒரு குற்றம் செய்தேன். உனக்கு உதவுவதாக நினைத்து, வழுவழுப்புப் போகும்வரை வெண்டிக்காயை எங்கள் முறையில் பொரித்து உன் சட்டியில் கொட்டினேன். வழுக்குவதற்காகத்தானே அதைப் போடுகிறது, கொன்றுவிட்டாயே என்றாய். இரண்டு நாள் நீ பேசவில்லை. என்னில் பிழையில்லை என்று நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து செய்தி வந்தது. ஷெல் குண்டு விழுந்து என் தம்பி போய்விட்டான். அகதி வழக்கு முடியாததால் போக வழியில்லை. இங்கிருந்த சொந்தக்காரர் போனில் துக்கம் விசாரித்ததோடு சரி. உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டவன் நீ ஒருவன்தான். எட்டாம் நாள் வேலைக்குப் போகாமல் நின்றாய். கருவாடு, பச்சை மீன், தக்காளி, வெண்டிக்காய், வற்றாளைக் கிழங்கு இலை என்று அடுக்கி, கரண்டியே வைக்காமல் அவியவிட்டாய். முதல் தட்டைத் தம்பியின் படத்துக்கு முன்னால் நீயே கொண்டுபோய் வைத்தாய்.

"எனக்கு இதுதான் சமைக்கத் தெரியும். அவன் கோபிக்க மாட்டான்," என்றாய், நம் அரைகுறை ஆங்கிலத்தில்.

வெண்டிக்காய் விரல்களில் நூல் நூலாக வழிய, அழுதழுது சாப்பிட்டேன்.

மகளுக்கு இதை ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொன்னேன். கிட்ட வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப வெண்டிக்காயையாவது பொரிச்சுப் போடுங்கோவன். பிள்ளையள் தொடமாட்டினம்."

"தொடவேண்டாம். இது அவங்களுக்கில்லை."

கோட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அவளே கராஜில் கொழுவிவிட்டு வந்தாள். வந்து, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மரக்கறிதான் படைக்கவேணும், ஐயரிடம் கேட்டுச் செய்வோம் என்கிறாள். உனக்கு மரக்கறியா? அன்றைக்கும் மீன்தான். நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.