முனைத்துண்டுப் பொட்டலம்

பாய்,

இன்று காலை டியூட்டியில் பிரெசாவ்லா பாக்கெட்டைப் பிரித்தேன். உப்பும் மிளகும் காய்ந்த மாட்டிறைச்சியுமாக அந்த வாடை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றேன். இரண்டு வருஷத்தில் இதுவே முதல் தடவை.

இத்தாலிக்காரர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் சில்லென்று எடுத்துக்கொள்ளும் பண்டம் அது. எங்கள் ஹோட்டலில் காகித கனத்துக்குச் சீவி, ஜர்ஜீர் கீரை, எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெயோடு தட்டில் பரப்புவோம். மெஷினில் சிக்காத முனைத்துண்டை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய செஃப் சொல்லியிருந்தார். அதைப் பொட்டலம் கட்டி அஜ்மான் ரூமுக்குக் கொண்டுவருவேன். அத்தர்க் கடையிலிருந்து நீங்கள் வந்ததும் கையில் திணிப்பேன். நான் மாடு தின்னாதவன். நீங்கள் பாய், உங்களுக்குப் பிடிக்காமலா இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கொழுப்பு குறைச்சல், புரதமும் இரும்புச்சத்தும் நிறைய என்று செஃப் விருந்தாளிகளிடம் சொல்வதை உங்களிடம் ஒப்பிப்பேன். "நல்லா இருக்குப்பா" என்பீர்கள்.

உப்பை மட்டும் நான் யோசிக்கவில்லை. உங்களுக்கு பிரஷர் இருப்பது தெரிந்தும் யோசிக்கவில்லை. லீவில் கீழக்கரை போன இடத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள் என்று சேதி வந்தபோது, வாரம் தவறாமல் உப்பைக் கட்டிக்கொடுத்துக் கொன்றது நான்தான் என்று நினைத்தேன். உங்கள் வீட்டு அக்காவுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. எந்த முகத்தோடு பேசுவது?

நேற்று, நம் ரூமில் மூன்றாவது கட்டிலில் இருந்த செல்வம் சவூதி ஜுபைலிலிருந்து பேசினான். பேச்சு உங்களைத் தொட்டதும் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். அவன் முழுக்கக் கேட்டான். பிறகு, "அண்ணே, அத அவ்வளவும் தின்னவன் நான்தாண்ணே" என்றான். ஊரில் தெரிந்தால் வம்பு என்று வாயைத் திறக்கவில்லையாம். இத்தாலிக்காரன் அதை ஒயினில் ஊறவைப்பான் என்று எங்கோ கேள்விப்பட்டு, ஹலால் முத்திரை இருந்தும் உங்களுக்கு மனம் ஒப்பவில்லையாம். ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லையாம். "அவன்கிட்ட சொல்லிடாதே, ஆசையா கொண்டாரான்" என்பீர்களாம்.

நன்றாக ஏமாற்றினீர்கள் பாய். கோபம் வந்திருக்க வேண்டும்; நிம்மதிதான் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன். அவ்வளவு உப்பையும் தின்ற செல்வம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று மதியம் அக்காவுக்கு போன் செய்தேன். ஏன் இத்தனை நாள் பேசவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. ஊருக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் துபாய் திரும்புகிறாராம்.

"நல்ல சீலாக் கருவாடு இருக்கு தம்பி, குடுத்து விடவா?"

கருவாட்டு வாடை எனக்கு ஆகவே ஆகாது. "குடுத்து விடுங்கக்கா, எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றேன். உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது பாய், இனிப் போகாது.