மடுவுக்குப் போகும் வான்

யூலை 24, வெள்ளி, பின்னேரம்

அண்ணை,

நேற்றுச் சுன்னாகத்தில் விலைக்கு நின்ற அந்தப் பழைய சின்ன வானைப் பார்த்தபோது நான் ஒரு பிழை விட்டுவிட்டேன். படுக்கையின் நீளம், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, உயர்த்தும் கூரை என்று பதினொரு விடயங்களைக் கொப்பியில் எழுதிச் சரி போட்டேன். ஆனால் மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய் அதில் படுக்கப்போகிற அம்மாவை ஒரு தடவைகூட ஏற்றிப் பார்க்கவில்லை. அவர் மாமர நிழலில் கதிரையில் இருந்தபடியே, "நல்ல வான் பிள்ளை, எடுங்கோ" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

இன்று விடிய, கோயில் படியில் அம்மா ஒரு காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்துத்தான் ஏறினார். வானின் படி அதைவிட உயரம். போன இரண்டு வருசமும் "மடுவில சனம் கூட, நான் வரேல்லை" என்று சொன்னதும் பஸ்ஸில் ஏற ஏலாமல்தான் போல.

நேற்று இரவு உயர்த்தும் கூரை தேவையோ என்று நான் கேட்டதற்கு நீங்கள், "கூரை உயராட்டி அது வானே? நீ உந்தக் கொப்பியையே கட்டிக்கொண்டு இரு" என்றீர்கள். களைப்பில் நான் போய்ப் படுத்துவிட்டேன். இப்போதும் நான் நினைப்பது சரியா என்று நிச்சயமில்லை. ஆனாலும் எனக்கு உயரும் கூரை வேண்டாம். தாழ்ந்த படியும் பிடித்து ஏற ஒரு கம்பியும் போதும்.

வகுப்புக்குப் போகிறேன். புட்டும் சூடைமீன் குழம்பும் குசினியில் மூடியிருக்கின்றன. வீட்டைப் பூட்டி இதைக் கதவில் செருகிவிட்டுப் போகிறேன்; திறப்பு பக்கத்து வீட்டில்.

ஜெசி

எழுத மறந்தது: நாளை காலை ஒன்பது மணிக்கு அம்மாவோடு திரும்ப அந்த வானைப் பார்க்கப் போக வேண்டும். அவர் தானாக ஏறட்டும். நீங்கள் கை கொடுக்க வேண்டாம்.