பழகாத உடம்பு

மார்ச் 4

எங்கள் ஷுப்ரா பேட்டையில் எல்லோரும் உயிரியல் அறிஞர்கள். மினிபஸ் ஓட்டும் ஷஅபான் இன்று என் மருந்துக்கடைக்கு வந்து, "டாக்டரே, அந்த மஞ்ச மாத்திரைக்கு என் உடம்பு பழகிடுச்சு. அதைவிடக் கடுசா ஒண்ணு குடுங்க. நாலு போதும்" என்றார்.

பழகியது உடம்பு அல்ல. மாத்திரைக்கு மசியாத சில கிருமிகள் முன்பே உள்ளே இருந்தன. மற்றவை செத்ததும் வீடு முழுக்க அவற்றுக்குக் கிடைத்தது; குட்டி போட்டுப் பெருகின. அவை எதையும் கற்கவில்லை, முயலவும் இல்லை. ஷஅபானும் அப்படித்தான்.

இதை அவரிடம் சொல்லவில்லை. அட்டையில் நாலு வெட்டிக் கொடுத்தேன். நான் மறுத்தால் எதிர்க்கடையில் வெட்டுவார்கள்.

மார்ச் 11

கிருமிக்கொல்லி கேட்டு இன்று பதினேழு பேர். முழு அட்டை வாங்கியவர் யாருமில்லை.

மார்ச் 19

என் மனைவி இன்ஸாஃபுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், இடுப்பில் வலி. சிறுநீரகத்தில் தொற்று. மருந்துக்கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லை. எதற்கும் புதினா போட்ட தேநீர்தான்.

"பயப்படாதீங்க டாக்டரே. என் உடம்பு எதுக்கும் பழகாத உடம்பு. ஒரு ஊசி போட்டா நோய் அலறிக்கிட்டு ஓடும்."

காய்ச்சலில் கிடப்பவளைத் திருத்துவது நாகரிகமல்ல. ஆமாம் என்றேன்.

மார்ச் 22

சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. பதினைந்து மருந்துகளின் பெயர். பதினான்குக்கு நேரே 'கேட்காது'. அந்தப் பதினான்கில் பதினொன்று என் அலமாரியில் இருக்கின்றன.

"நான்தான் ஒண்ணுமே சாப்பிடலையே! புட்டிய மாத்திட்டாங்க. அந்த ஷஅபானோடதா இருக்கும் பாருங்க" என்று சிரித்தாள்.

கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டாள். ஒருவர் குடலில் தேறிய கிருமி மற்றவர் வீட்டுக்கு வர அவர் மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டியதில்லை. ஒரே பேருந்து, ஒரே கைப்பிடி, ஒரே தெரு போதும்.

மார்ச் 24

மிச்சமிருந்த அந்த ஒரு மருந்தை மருத்துவமனையில் ஏற்றுகிறார்கள். அது சிறுநீரகத்தையும் சேர்த்துத் தின்னும். எனக்குத் தெரியும்.

அவள் கேட்டாள்: "ஏன் ஒரு மருந்தும் கேக்க மாட்டேங்குது? நீங்க படிச்சவர்தானே, சொல்லுங்க."

என்னன்னு சொல்றது? நான் வெட்டிக் குடுத்தது இன்ஸாஃப், முப்பது வருஷமா நாலு நாலா வெட்டிக் குடுத்தது உன்கிட்ட வந்திருக்குன்னா? தலையணையைச் சரிசெய்தேன்.

மார்ச் 27

சிறுநீர் நின்றுவிட்டது.

மார்ச் 29

பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தோம். ஷஅபான் தன் வண்டியைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர். இருமிக்கொண்டே ஓட்டினார்.

ஏப்ரல் 6

கடையைத் திறந்தேன். முதலில் வந்தது இன்ஸாஃபின் தங்கை நஃபீஸா.

"மச்சான், அக்கா ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லையே. அவளுக்குப் போய் எப்படி மருந்து கேக்காமப் போச்சு?"

உண்மை நாக்கு வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். "பழக்கமே இல்லாத உடம்பு இல்லையா? திடீர்னு மருந்த ஏத்தவும் தாங்கல" என்றேன்.

எந்த உண்மையையும் யாரும் இத்தனை சீக்கிரம் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள், கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப என் பிள்ளைங்க மூணுக்கும் இப்பவே பழக்கிடறேன். வாரத்துக்கு ஒரு மாத்திரை குடுத்தாப் போதும்ல?"

மருந்தின் அளவு பார்க்க, குழந்தைகளின் எடை என்ன என்று கேட்டேன்.