அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்க ஒரு கமெரா

என்ர ஆசை அக்கா,

நான் ஒரு கமெரா வாங்கிப்போட்டன். ‘ஃபோன் இருக்க உனக்கென்ன விசரோ?’ எண்டு நீ கேட்பாய். கேள், சொல்லுறன்.

போன வருசம் உன்ர முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கப் படம் தேடினம். ஒண்டும் கிடைக்கேல்லை. கலியாணம், பிறந்தநாள், கோயில் எல்லாத்திலயும் படம் எடுத்தது நீதானே. உன்னை ஆர் எடுத்தது? கடைசியில அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சுப் போட்டம். அதில நீ ஆரோ மாதிரி இருக்கிறாய்.

அம்மாவுக்கும் அப்பிடி ஆகிடுமோ எண்டுதான் பயம். வெள்ளவத்தை வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்குது அவவுக்கு. ஃபோனைத் தூக்கினால் போதும், ‘கல்வெட்டுக்கோ?’ எண்டு முகத்தைத் திருப்பிவிடுவா. தூரத்தில நிண்டு ஃபோனில எடுத்தால் முகம் கலங்கிப்போகுது.

அதுதான் மருதானைக் கமெராக் கடைக்குப் போனன். புதுசு ஒண்டு, மலிவு, பெட்டியில மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில போட்டிருந்தது. எடுக்கப் போக, கடைக்கார அண்ணை வேண்டாமெண்டு தலையை ஆட்டினார். இதின்ர லென்ஸ் வெளியில வராது, தூரத்தைக் கிட்ட இழுக்காது, ஃபோன் மாதிரித்தான் எண்டு சிங்களத்தில சொல்லி, ஆரோ பாவிச்ச பழசு ஒண்டைத் தந்தார். அதில பார்க்க, றோட்டுக்கு அங்கால நிண்ட மனிசியின்ர மூக்குத்தி தெரிஞ்சுது! பற்றரி நிக்குமோ, சார்ஜர் பழுதானால் வேற கிடைக்குமோ? மூண்டு தரம் கேட்டன். மனிசன் சிரிச்சிட்டார்.

நேற்றுக் காலமை அம்மா பல்கனியில முருங்கையிலை ஆய்ஞ்சுகொண்டிருந்தா. நான் குசினி வாசலில நிண்டு குறி பார்த்தன். சத்தத்தை நிப்பாட்ட மறந்துபோனன், மொக்கி! கிளிக் எண்டது.

ஏசப்போறா எண்டு நிண்டன். எழும்பி வந்து கமெராவை வாங்கினா.

“மூத்தவளை ஒருத்தரும் எடுக்கேல்லை. இப்ப நீயும் அவளை மாதிரித் தொடங்கிட்டாய். போய் அங்க நில்லு.”

அழுதழுது நிண்டன். படத்தில பாதிக்கு அம்மாவின்ர விரல்தான். பிறகு சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையில இருந்தா.

“இப்ப என்னை எடு. எனக்கும் அடையாள அட்டைப் படத்தைப் போட்டிடாதை.”

எடுத்தன் அக்கா. முகம் வடிவாத் தெரியுது. எடுத்த பிறகுதான் பயம் கூடியிருக்கு, ஏனடி?

நாளைக்கு உன்ர ஆண்டுத் திவசம். எல்லாரும் வருவினம். கமெராவை நான் ஒருத்தியே வைச்சிருக்க மாட்டன், கைக்குக் கை குடுப்பன். எடுக்கிற ஆளை விட்டிட்டு இந்த வீட்டில இனி ஒரு அல்பமும் இல்லை. சத்தியம்.

விரலுக்குப் பின்னால அழுதுகொண்டு நிக்கிற
உன்ர தங்கச்சி