உன் அப்பா காரில் கேட்ட பாட்டு

எடிசன்
மார்ச் 14, சனிக்கிழமை

அன்புள்ள மதன் கண்ணுக்கு, அம்மா எழுதுவது. அங்கே ஆலன் ஊரில் நீயும் பிரீத்தியும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே எடிசனில் நானும் அப்பாவும் நலம். ஆனால் இன்றைக்குச் சொல்லும் இந்த நலம்தான் முழு நலம், மூன்று வாரமாகப் போனில் நான் உனக்குச் சொன்னதெல்லாம் பொய். நீ கோபப்படுவாய், பட வேண்டியதுதான், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுப் படு. நாலு தடவை போனில் சொல்லப் பார்த்தேன், நீ "அம்மா" என்றதுமே பேச்சை மாற்றிவிட்டேன், அதனால்தான் பிரீத்திக்கு அனுப்பும் பார்சலில் பருப்புப் பொடிக்கும் லேகியத்துக்கும் நடுவில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே. அப்பா நன்றாக இருக்கிறார். இப்போது ஹாலில் உட்கார்ந்து, உப்புக் குறைத்துச் செய்த கோதுமை ரவை உப்புமாவையும் அதைச் செய்த என்னையும் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை காலை பார்சிப்பனி ஆபீசுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டு போகும்போது அப்பாவுக்கு நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்திருக்கிறது. எப்படியோ ஓரம் கட்டி, தானே 911 கூப்பிட்டு, ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு எனக்குப் போன் பண்ணினார், ஏதோ பால் வாங்க மறந்ததைச் சொல்வது போல. மறுநாளே பைபாஸ் சர்ஜரி. உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வசந்தா, மதன்கிட்டச் சொல்லீராத, பெட் ரெஸ்ட்ல இருக்கற புள்ளையத் தனியா விட்டுப்போட்டு ஓடியாந்துருவான்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்டபோது பக்கத்து வீட்டு பாரூக் அண்ணனோடு ஓக் ட்ரீ ரோட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கிறார் என்றேனே, அப்போது நான் ஐசியு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாரூக் அண்ணனும் அவர் சம்சாரம் சாலிஹாவும் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேனோ, ரோட்டோரம் கிடந்த நம் காரை அவர்தான் போய் எடுத்து வந்தார், பார்மசி படிக்கும் அவர்கள் பெண் இஸ்ரத்தான் தினமும் கிளாஸ் முடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். செவ்வாய்க்கிழமை பிரீத்தியின் டாக்டர் இனி எழுந்து நடமாடலாம் என்று சொல்லிவிட்டதாக நீ சொன்ன பிறகுதான் அப்பா, சரி, இனிச் சொல்லிக்கொள் என்றார். ஆனால் சர்ஜரியை மட்டும் சொல்லு, அந்த இன்னொரு விஷயம் வேண்டாம் என்றார். நான் அந்த இன்னொரு விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சர்ஜரி நல்லபடியாக முடிந்தது, ஆனால் இரண்டாம் நாள் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது கண்ணு. பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு அப்படி ஆகுமாம், சில நாளில் தெளிந்துவிடுமாம், டாக்டர்கள் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டார். நெஞ்சில் செருகியிருந்த டியூபைப் பிடுங்கப் பார்த்தார், கடைசியில் இரண்டு கையையும் துணிப் பட்டையால் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். உன் அப்பாவைக் கட்டிப் போட்டிருப்பதைப் பார்க்க நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அப்போது ஒரு சின்னப் பெண் வந்தாள், நோயாளிகளுக்குப் பாட்டுப் போட்டு அமைதிப்படுத்துவதுதான் அவளுக்கு அங்கே வேலையாம். ஒரு பாரத்தை நீட்டி, இவருக்கு எந்த வகை இசை பிடிக்கும் என்று கேட்டாள். கிளாசிக்கல், ஜாஸ், ராக், கன்ட்ரி, மெட்டல் என்று வரிசையாகக் கட்டம் போட்டிருந்தது. எனக்கென்ன தெரியாததா, பத்தொன்பது வருஷமாக லைப்ரரியில் சிடிக்களுக்கு வகை பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். கிளாசிக்கலுக்கு டிக் போட்டு, பக்கத்தில் கர்நாடக சங்கீதம் என்றும் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவள் இதைக்கூடச் சொல்ல மாட்டேனா.

வீணை போட்டாள், அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பக்திப் பாட்டுப் போட்டாள், "நிறுத்து நிறுத்து" என்று கத்தினார். நான் சொல்லிப் பழைய சினிமாப் பாட்டுப் போட்டாள், காலால் போர்வையை உதைத்தார், மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. நடுநடுவே "கார்ல இருக்கறதைப் போடு, கார்ல இருக்கறதைப் போடு" என்று ஒரே புலம்பல். பிதற்றுகிறார் என்றுதான் நான் நினைத்தேன், இஸ்ரத்துக்குத்தான் உறைத்தது. "ஆன்ட்டி, அங்கிள் போன் எங்க?" என்று கேட்டு வாங்கி, அவர் கட்டை விரலை மெல்ல வைத்துத் திறந்து, பாட்டுக் கேட்கும் ஆப்பைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஆன்ட்டி, மதன் அண்ணா அக்கவுன்ட் இதுல லிங்க் ஆகியிருக்கா?" என்றாள். இல்லையே என்றேன். "அப்ப இதெல்லாம் அங்கிள் கேக்கறதா? டெய்லி கேட்டிருக்காரு ஆன்ட்டி, மார்னிங் ஒன் அவர், ஈவினிங் ஒன் அவர், இயர்ஸா" என்றாள். அந்த லிஸ்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் "மதன் பாட்டு".

அதைப் போட்டாள். கண்ணு, நான் என்னவென்று எழுதுவேன், போர்வெல் போடும் லாரி ஒன்று ரூமுக்குள் வந்துவிட்டது போல ஒரு சத்தம், அதற்கு நடுவில் ஒருத்தன் அடித்தொண்டையிலிருந்து உறுமுகிறான். இதயத்தை அறுத்துத் தைத்த மனுஷனிடம் இதைப் போடுகிறாயே என்று பதறிப்போய் இஸ்ரத் கையிலிருந்து போனைப் பிடுங்கப் போனேன். நர்ஸ் என் தோளைத் தொட்டு மெஷினைக் காட்டினாள். நூற்றி இருபத்தெட்டில் இருந்த துடிப்பு நூற்றிப் பதினைந்து ஆகி, நூற்றி நாலு ஆகி, தொண்ணூற்றாறுக்கு வந்து நின்றது. உன் அப்பாவின் ஒரு விரல் மட்டும் கட்டில் விரிப்பில் தாளம் போட்டது. மூன்றாவது பாட்டில் தூங்கிவிட்டார். அந்தச் சின்னப் பெண் என் டிக்கை அடித்துவிட்டு மெட்டல் கட்டத்தில் டிக் போட்டு, அடுத்த ஷிப்ட் ஆளுக்கும் குறிப்பு எழுதி வைத்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டு, தப்பான பெயரைச் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி.

ஆறாம் நாள் தெளிந்து, வார்டுக்கு மாற்றிய பிறகு கேட்டேன். சிகரெட்டோடு பிடிபட்டவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. உனக்கு நினைவில்லாமல் இருக்குமா, ஹைஸ்கூல் கடைசி வருஷம், நீ ஸ்கூல் டிரிப் போயிருந்த நாளில் உன் டிரம்ஸ் செட்டை அவர் எடுத்துக்கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். இதெல்லாம் பாட்டா, மாட்டை அறுக்கிற சத்தம் என்றார். நீ ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கு நிறுத்தியதுதான், பதினாறு வருஷமாக வெதர் எப்படி, டயர் மாற்றினாயா என்பதைத் தவிர உங்கள் இரண்டு பேருக்கும் வேறு பேச்சில்லை. நானும் அன்றைக்கு அவரைத் தடுக்கவில்லை, மனசுக்குள் நல்லது என்றுதான் நினைத்தேன், அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நீ ஆஸ்டினுக்குக் காலேஜ் போன பிறகு பழைய கேம்ரியின் பிளேயரில் உன் சிடி ஒன்று மாட்டிக்கொண்டு வெளியே வராமல் கிடந்ததாம். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் பனியில் 287 ஹைவேயில் நாலு மணி நேரம் வண்டி நகரவில்லையாம், ரேடியோவும் இழுக்கவில்லையாம், அப்போதுதான் அந்த சிடி பட்டனை அழுத்தியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "இந்தப் பையன் இதுல என்னத்தைக் கண்டான்னு பாக்கோணும்னுதான் போட்டேன் வசந்தா. மொதல்ல கோவந்தான் வந்துது. நாலாந்தடவை கேக்கறப்பதான் அந்தக் கத்தலுக்கு அடியில ஒரு சோகம் ஓடறது தெரிஞ்சுது. அவனுக்கு அது பதினேழு வயசுலயே கேட்டிருக்குது பாரு." அதன் பிறகு தினமும் அதுதான். கேம்ரி போய்ப் புது வண்டி வந்தபோது, ஆபீசில் மாதவ் என்று ஒரு பையன்தான் சிடியில் இருந்த பாட்டுகளைப் போனில் கண்டுபிடித்து ஏற்றிக் கொடுத்து, தனக்குப் பிடித்த இன்னும் நூறையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான். இவ்வளவு கேட்டவர் என்னிடம் கேட்ட கேள்வியைக் கேள். "அந்தப் பொண்ணு பாரத்துல மெட்டல்னு டிக் போட்டுச்சுன்னியே, இதுக்குப் பேரு மெட்டலா?" பதினைந்து வருஷமாகப் பெயரே தெரியாமல் கேட்டிருக்கிறார் கண்ணு. அவருக்கு அது மதன் பாட்டு, அவ்வளவுதான். அவனிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "எந்த வாயில சொல்றது, அவன் டிரம்ஸைத் தூக்கிக் குடுத்த இந்த வாயிலயா" என்றார்.

எனக்கு இன்னும் அந்த அதிர்ச்சி விடவில்லை. வீட்டில் அந்த லிஸ்டை முழுக்கப் பார்த்தேன், உறுமலுக்கு அடுத்து நாதஸ்வரம், அடுத்து பறை, அடுத்து ஏதோ ஹிந்தி கஜல், மறுபடி உறுமல். எங்கள் லைப்ரரியில் இப்படி அடுக்கினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றேன். இஸ்ரத் சிரித்துவிட்டு, "ஆன்ட்டி, இப்ப யாரும் ஜானர்லாம் பாக்கறதில்ல, படிக்கறப்ப ஒரு லிஸ்ட், அழறப்ப ஒரு லிஸ்ட், அவ்ளோதான்" என்றாள். அப்படியானால் நான் பத்தொன்பது வருஷம் ஒட்டிய ஸ்டிக்கருக்கெல்லாம் அர்த்தமே இல்லையா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பாரத்தில் மெட்டல் என்று ஒரு வார்த்தை இருந்ததால்தான் அடுத்த ஷிப்டில் வந்தவனுக்கு எதைப் போடுவது என்று தெரிந்தது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்ன வகை நல்ல வீட்டுப் பாட்டு, இன்ன வகை கெட்டுப்போன பாட்டு என்று நாங்கள் இரண்டு பேரும் வைத்திருந்தோமே, அதைப் பிடித்துக்கொண்டுதானே உன்னை வெளியே நிறுத்தினோம். மெட்டலுக்கான கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சிடி லைப்ரரிக்குத் திரும்பி வந்தால் எந்த வீட்டுப் பிள்ளையோ என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவேன். அதே பாட்டைக் கேட்பவர் என் வீட்டு மனுஷன் என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஆறு வாரம் டிரைவ் பண்ணக் கூடாது என்றிருக்கிறார். வீட்டுக்குள் என் எதிரில் அதைப் போட அவருக்கு வெட்கம். அதனால் தினமும் காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு, டிரைவ்வேயில் நிற்கும் காரில் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார், கண்ணாடி நடுங்குவது சமையலறை வரை கேட்கிறது. நேற்று நானும் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பதறிப்போய் அணைக்கப் போனார், இருக்கட்டும் என்றேன். நாலு பாட்டுத் தாங்கினேன், மூன்றாவதில் காதைப் பொத்திக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. ஆனால் நாலாவது பாட்டில் ஓரிடத்தில் அவர் கையைத் தூக்கி, "இப்ப டிரம்ஸ் மாறும் பாரு, இந்த எடத்துல மதன் காதுல மாட்டிட்டுப் பின்சீட்ல தொடையில அடிச்சுட்டு வருவான், கண்ணாடியில பாத்திருக்கேன்" என்றார். அடித்துக் காட்டினார். தப்பாமல் அடித்தார். நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

நீ இப்போது ஓடி வர வேண்டாம், பிரீத்தியை விட்டு நகராதே, குட்டி பிறந்து, டாக்டர் சம்மதித்ததும் நாங்களே அங்கே வருகிறோம். அவளை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல், லேகியம் பிரசவத்துக்குப் பிறகுதான், ஆசைப்பட்டு இப்போதே எடுத்துவிடப் போகிறாள். உன் கொலஸ்ட்ராலையும் செக் பண்ணிக்கொள், இது நம் குடும்பத்தில் இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது, தள்ளிப்போடாதே. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், இது அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொல்லும் ஆசீர்வாதம்.

ஒன்றே ஒன்று. இங்கே காலை பத்திலிருந்து பத்தரை வரை அவர் காரில் இருப்பார், உனக்கு அங்கே ஒன்பது மணி. என் நம்பருக்கு வேண்டாம், அவர் நம்பருக்கே கூப்பிடு. போன் காரோடு கனெக்ட் ஆகியிருக்கும், நீ கூப்பிட்டால் பாட்டு தானாக நின்று ரிங் கேட்கும். டிரம்ஸ் பற்றி இப்போது எதுவும் பேச வேண்டாம், நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம். என்ன பாட்டு ஓடுகிறது என்று மட்டும் கேள், கண்ணு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
வசந்தாமணி சேனாபதி